கட்டிய வெச்சிருக்கோம்

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். குழாயடியிலும் ரேஷன் கடையிலும் ரயிலில் இடம் பிடிக்கிறபோதும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசித்தான் நான் பிழைத்தேன். அந்த வாய் ஒரே ஒரு காலத்தில் அடங்கிப்போனது. பயத்தில் அடங்கியது. அந்தப் பயம் என் கழுத்தில் ஆரம்பித்தது.

எழுபதுகளின் நடுவில் இருக்கும். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் பனந்தோப்பையெல்லாம் வெட்டிவிட்டு ஒவ்வொரு கம்பெனியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பழவேற்காட்டு ஏரியில் வலை இழுத்தவர். தண்ணீரை விட்டுவிட்டு இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ரயிலடிக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். மகள் அப்போதுதான் பேசப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டிக்கொண்டிருந்தேன். இடது காதுக்குக் கீழே விரல் போய் நின்றது. கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. வலித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அம்மாவுக்கும் வலிக்கவில்லை.

அம்மாவுக்கு அதே இடத்தில்தான் வந்தது. நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் குப்பம் ஏரிக்கரையில் இருந்தது. ஆந்திரா கூப்பிடு தூரம் என்பதால் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவின் கழுத்தில் கொத்தாகக் கட்டிகள் வந்ததும் நைனா அவளை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கத்தி வைத்தார்கள். கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு அம்மா திரும்பி வந்தாள். துணியைப் பிரித்துப் பார்த்தால் ஒரு தையல். தையலுக்குக் கீழேயே கட்டிகள் இருந்தபடி இருந்தன.

"வெச்சிட்டாங்க," என்றார் நைனா. "கட்டி இன்னாபா ஆச்சுன்னு அங்க இருந்த ஆளாண்ட கேட்டேன். கட்டிய வெச்சிருக்கோம், அடுத்த வாரம் வந்து பாருன்னான். எடுக்க முடியலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வராம அப்டி சொல்றான்."

உடம்பைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் தைத்து அனுப்பினார்கள் என்றால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். புற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நைனா அடுத்த வாரம் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? பெண்டாட்டி செத்துப்போவாள் என்பதை இன்னொரு தரம் காதால் கேட்கவா? அவளுக்குப் பிடித்த இறாலும் கெண்டையும் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலமானால் அம்மாவுக்குக் காய்ச்சல் வரும். பிறகு இருமல் வந்தது. கையிலிருந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. நான் அவள் முந்தானைக்குள்ளேயே புகுந்து படுத்துக் கிடந்தேன். இரண்டு மழைக்காலம் அப்படி இழுத்துக்கொண்டு கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். எரித்து, சாம்பலை முகத்துவாரத்தில் கரைத்தோம். அதற்கப்புறம் யார் துக்கம் கேட்டு வந்தாலும் நைனா ஒரே பேச்சைத்தான் பேசுவார். "தொறந்து பாத்துட்டு வெச்சி தெச்சிட்டாங்க. நம்ம கையில இன்னா இருக்குது?" அதைச் சொல்லிவிட்டுத்தான் அவரால் சோறு தின்ன முடிந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால்தான் கழுத்தை மூடிக்கொண்டேன். வெயில் கொளுத்துகிறபோதும் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு திரிந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டார்.

"இன்னாமே இது?"

"சூட்டுக் கட்டி."

"சூட்டுக் கட்டிக்கு ஏன்மே அழுவுற?"

நான் அழுதுகொண்டிருப்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாளே கம்பெனியில் சொல்லிவிட்டு, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கரி ரயிலில் என்னை மெட்ராசுக்கு இழுத்துக்கொண்டு போனார். அதே ஆஸ்பத்திரி. வாசலில் கால் வைக்கும்போதே அந்த மருந்து வாசனை. அம்மாவின் கழுத்துத் துணியில் அடித்த வாசனை.

டாக்டருக்கு நடுவயது இருக்கும். மூக்குக் கண்ணாடி. நல்ல மனிதர்தான், அதை இப்போது சொல்லிவிடுகிறேன். என் பின்னால் நின்றுகொண்டு இரண்டு கைகளாலும் கழுத்தைத் தடவினார். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அம்மாவுக்கு இருந்தது, இங்கேதான் கத்தி வைத்தார்கள், செத்துப்போய்விட்டாள் என்றேன். அவர் கை அப்படியே நின்றது. எந்த ஊர், எந்த வருஷம், அம்மா பேர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் விரல் என் கட்டியின் மேலேயே இருந்தது. எதிரே நின்றிருந்த சின்ன டாக்டரைப் பார்த்து ரொம்ப ஆர்வமாகச் சொன்னார்:

"அப்படின்னா இவங்க அம்மாவோட கட்டி இங்கதான் இருக்கு. கண்டிப்பா இருக்கும். கெட்டுப்போகாம அப்படியே இருக்கும்."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எப்படி வெளியே வந்தேன், செருப்பை எங்கே விட்டேன், ஒன்றும் நினைவில்லை. பின்னாலேயே ஓடிவந்த என் வீட்டுக்காரர் சென்ட்ரல் போகிற வழியில்தான் என்னைப் பிடித்தார். "இன்னாமே ஆச்சு? டாக்டர் கூப்புட்டுக்கினே கீறாரு!" என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. ரயிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பொன்னேரி தாண்டியும் கம்பியை விடவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் இன்றைக்குச் சிரிப்பீர்கள். எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. இறால் நிறையக் கிடைக்கிற இடத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் வலை போட முடியாது. முறை வைத்துத்தான் இறங்க வேண்டும். இன்றைக்கு இந்த வீட்டுப் பாடு, நாளைக்கு அடுத்த வீட்டுப் பாடு. அப்பன் செத்தால் அவன் பாடு பிள்ளைக்கு வரும். வேண்டாம் என்று அவன் சொன்னாலும் பாடு அவன் பேரில்தான் நிற்கும். அம்மாவோட கட்டி இங்கதான் இருக்கு என்று என் கழுத்தில் கை வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் சொன்னால் நான் வேறு என்னத்தை நினைப்பேன்? அம்மாவை எரித்தோம், ஆனால் அந்தக் கட்டி எரியவில்லை. கெட்டுப்போகாமல் அப்படியே காத்துக்கொண்டிருந்துவிட்டு என் கழுத்துக்கு வந்துவிட்டது. அவள் பாடு முடிந்து என் பாடு வந்துவிட்டது.

என் பாடு முடிந்தால்? அடுத்த பாடு மகளுக்கு.

அதற்கப்புறம் குழந்தையை மடியில் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்தைக் கட்டிக்கொள்ள வந்தால் தள்ளிவிட்டேன். அதன் தட்டு வேறு, என் தட்டு வேறு. அப்பன் பக்கத்தில் படுக்க வைத்தேன். அது அழுதுகொண்டே தூங்கும். நான் தள்ளிப் படுத்துக்கொண்டு, அது தூங்கியதும் அதன் கழுத்தை மட்டும் விரலால் தடவிப் பார்ப்பேன். காதுக்குக் கீழே, தாடைக்குக் கீழே, பிடரியில். இல்லை. காலையில் எழுந்ததும் மறுபடி தடவுவேன். குழந்தைக்கு அது விளையாட்டாகப் போய், என்னைப் பார்த்தாலே தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டும்.

என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் காலையில் ஷிப்டு முடிந்து வந்தவர், நாஷ்டாவைக்கூடத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார்.

"இது பேஜாராப் போச்சு. கொழந்தய ஏன்மே கிட்ட சேக்க மாட்டேன்ற? இன்னா சொன்னாரு அந்த டாக்டரு?"

சொன்னேன். கட்டி, அம்மா, பாடு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் ஏரிக்காரர்தானே, சிரிக்கவில்லை. அவர் முகமும் வெளுத்துப்போனது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து சொன்னார்:

"அப்ப அவராண்டயே போயி கேக்கலாம் வா. எங்கம்மாவுது எனக்கு எப்டி வந்துச்சின்னு கேளு. வந்தத எடுன்னு சொல்லு. எல்லாராண்டயும் சண்ட போடுறியே, அவராண்ட போட மாட்டியா?"

அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. பயம் போகவில்லை. பயத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என்னைப் பார்த்ததும் "அடடா, வந்துட்டியாம்மா!" என்று எழுந்தார். நான் அவரை உட்காரக்கூட விடவில்லை.

"எங்கம்மா கட்டி எனக்குள்ள கீதுன்னு சொன்னியே, அத எடுத்துடு! எம் பொண்ணுக்குப் போறதுக்குள்ள எடு! இன்னிக்கே எடு!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "என்னோட வா," என்று மட்டும் சொன்னார்.

படியேறி மேலே ஒரு அறை. சுவர் முழுக்க மர அடுக்குகள், சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒன்றை இழுத்துத் துழாவி எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கரைந்துபோன குளியல் சோப்பின் கடைசித் துண்டு மாதிரி ஒரு மெழுகுத் துண்டு. ஓரத்தில் நம்பர் ஒட்டியிருந்தது. மெழுகுக்கு நடுவில் வெளுத்துப்போன பொட்டு ஒன்று.

"இதுக்கு நாங்க மெழுகுக் கட்டின்னு பேரு சொல்வோம். கழுத்துல இருந்து எடுத்ததை இப்படி மெழுகுல பதிச்சு வெச்சா எத்தனை வருஷமானாலும் கெடாது. இது உங்க அம்மாவோடது. இது இங்க இருக்குன்னுதான் சொன்னேன். உன் கழுத்தைச் சொல்லலம்மா."

கீழே போட்டுவிடுவேனோ என்று இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். சாம்பலாகத் தண்ணீரில் போனவள் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமாக இந்த இழுப்பறையில் இருந்திருக்கிறாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். மெழுகுவத்தி வாசனைதான் வந்தது.

ஒரு ஓரம் வழவழவென்று சீவியிருந்தது. "இது இன்னா?" என்றேன்.

"வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா சீவி, கண்ணாடியில ஒட்டிப் பார்ப்போம். கடலோரத்துக் குப்பங்கள்ல இருந்து கழுத்துக் கட்டியோட வந்தவங்களோடதை எல்லாம் சேர்த்து ஆராய்ச்சி பண்றோம். பம்பாய்ல ஒரு காலேஜுக்கும் கொஞ்சம் அனுப்பியிருக்கோம். அவங்களும் பார்க்கிறாங்க."

அம்மா பொன்னேரிச் சந்தையைத் தாண்டி அந்தப் பக்கம் போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். அவள் பம்பாய்க்குப் போயிருக்கிறாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. "யாரக் கேட்டு சீவுன? யாரக் கேட்டு அனுப்புன?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரையும் கேக்கல. அப்பல்லாம் யாரும் கேக்கிறதில்ல. ஆனா உன்னை நான் கேக்கிறேன். உன் கழுத்துல இருந்து எடுக்கிறதை இங்க வெச்சுக்கலாமா? கொஞ்சம் பம்பாய்க்குக் குடுக்கலாமா?"

"மொதல்ல எனக்கு இன்னான்னு பாரு," என்றேன். "எங்கம்மாவுக்கு வந்ததுதானான்னு பாரு. அது புத்து. எனக்கும் அதுதான்னா மறைக்காம சொல்லு. அப்புறம் வெச்சுக்க, பங்கு போட்டுக் குடு, இன்னா வேணா பண்ணிக்க. ஆனா எங்கம்மா பக்கத்துல வை."

புற்று என்றதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டையும் பக்கத்துல வெச்சு நானே என் கண்ணால பார்க்கிறேன்," என்றார்.

கழுத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டுக் கத்தி வைத்தார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஊரிலிருக்கிற அம்மன்களையெல்லாம் கூப்பிட்டேன். எழுந்ததும் அங்கிருந்த நர்சைக் கேட்டேன், கட்டி என்ன ஆச்சு என்று. அவள் அவசரமாகப் பாட்டிலை மூடிக்கொண்டே, "கட்டிய வெச்சிருக்கோம்மா, அடுத்த வாரம் வந்து பாரு," என்றாள்.

இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று யோசிக்க அன்றைக்குத் தெம்பில்லை.

அந்த ஒரு வாரம் சோற்றைப் பிசைந்து பிசைந்து கொட்டினேன். கூடவே ஒரு வேண்டுதல். சாமி, எங்கம்மாவோடது மாதிரி மட்டும் இருக்கக் கூடாது. வேறே என்ன வந்தாலும் வரட்டும், கையோ காலோ போகட்டும், அது மட்டும் வேண்டாம்.

போனோம். டாக்டர் பூதக்கண்ணாடிப் பெட்டி மாதிரியான கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒன்று அம்மா, ஒன்று நான். இரண்டிலும் ஊதா நிறத்தில் ஒரு திட்டு. அவர் நிமிர்ந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "எம் பொண்ணு, எம் பொண்ணு," என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம், அவர் பிறகு சொன்னார்.

"அழாதே, முழுசா கேளு," என்று டாக்டர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இது புத்து இல்ல. காசம். டீ.பி. சில பேருக்கு நெஞ்சுக்கு வர்றதுக்கு முன்னாடி கழுத்துல வரும். அம்மா இருமும்போது கூடவே படுத்திருந்தியா? அதுல ஒட்டியிருக்கும். மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு. விடாம போட்டுக்கிட்டா நீ பிழைச்சுக்குவ. குழந்தையையும் கொண்டா, பார்த்துடலாம்."

பிழைத்துக்கொள்வேன் என்ற வார்த்தை காதில் விழுந்தது. சந்தோஷப்பட வாய் திறந்தேன். அதற்குள் முன்னால் சொன்ன வார்த்தை உறைத்தது. இரண்டும் ஒன்றுதான்.

"அப்ப எங்கம்மாவுக்கு?"

டாக்டர் அம்மாவின் கண்ணாடித் தகட்டுப் பக்கம் திரும்பினார். "அவங்களுக்கும் மருந்து இருந்தது. அப்பவும் இருந்தது. ஒரு கட்டியை மட்டும் சோதனைக்கு எடுத்துட்டு, முடிவு சொல்ல வரச் சொல்லியிருப்பாங்க. அவங்க திரும்பி வரவே இல்லியேம்மா."

கட்டிய வெச்சிருக்கோம், அடுத்த வாரம் வந்து பாரு. அந்தப் பேச்சை எங்கே கேட்டேன் என்று இப்போது தெரிந்தது. எடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறான். எடுக்காமல் உள்ளேயே வைத்துவிட்டோம் என்று நைனா எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் குழந்தையைக் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பார்த்தோம், நெஞ்சு சுத்தமாக இருந்தது. அன்றைக்கு அதை மடியில் போட்டுக்கொண்டு ரயிலில் வந்தேன். அது என் கழுத்துக் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது. டாக்டர் நைனாவையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார், அவருக்கும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டுமாம். ஊருக்குப் போகத்தான் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

போனபோது நைனா வாசலில் உட்கார்ந்து நண்டு கழுவிக்கொண்டிருந்தார். என் கழுத்துக் கட்டைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"இன்னா சொன்னாங்க?"

"காசமாம் நைனா. கழுத்துல வந்துகீது. மாத்திர துன்னா போயிடுமாம்."

"வெச்சி தெச்சிடலியே?"

"இல்ல. எடுத்துட்டாங்க. நீயும் வந்து நெஞ்சு படம் எடுத்துக்கணும். எங்கிட்டருந்து ஒனக்கு ஒட்டியிருக்குமாம்." அம்மாவிடமிருந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எடுத்துக்குறேன், அதுக்கின்னா." மறுபடி நண்டைக் கையில் எடுத்தார். கழுவவில்லை. "ஒங்கம்மாவுக்கும் அதே எடந்தான்."

"ஆமா."

"அவளுக்கும் இதானா?"

முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் சட்டையைச் சரிசெய்தேன்.

"அது வேற நைனா. டாக்டரே பாத்து சொன்னாரு. அம்மாவுது புத்துதான்."

"நான் அன்னிக்கி திரும்பி போயிருந்தா?"

"போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

நைனா தலையை ஆட்டினார். "அதான் நானும் சொல்லிக்கினே கீறேன். தொறந்து பாத்துட்டு வெச்சி தெச்சிட்டாங்கன்னு," என்றார். பிறகு குழந்தைக்கு என்று பெரிய நண்டாகப் பார்த்துத் தனியாக எடுத்து வைத்தார்.